‘ஓகே அழுத்தினது நீங்கதானே?’ – பேங்க் கேட்கும் இந்தக் கேள்வியோட நிறுத்திக்காதீங்க

போன வாரம் நம்ம சேனலில் கார்டு மோசடி பற்றிப் போட்ட வீடியோவுக்குக் கீழே நிறைய பேர் ஒரே மாதிரி எழுதியிருந்தீங்க. “பணம் போச்சு, பேங்க்ல கேட்டேன், ஓ.டி.பி நீங்கதானே போட்டீங்கன்னு சொல்லிட்டாங்க, விட்டுட்டேன்.” அந்தக் கடைசி வார்த்தைதான் என்னை உறுத்திக்கிட்டே இருந்தது. விட்டுட்டேன். எழுதினவங்கள்ல பெரும்பாலானவங்க வேலைக்குச் சேர்ந்து நாலைந்து வருஷம் ஆனவங்க. போன பணம் ஒரு மாசச் சம்பளம், இல்லைன்னா அதில் பாதி.

இன்னைக்கு ஒரு சம்பவத்தை வச்சு இதைப் பேசலாம்னு நினைக்கிறேன். நடந்தது நம்ம ஊர்ல இல்லை, கிரீஸ்ல. ஏன் கிரீஸ்னா, என் காலேஜ் நண்பன் ஒருத்தன் அங்கே பிரேயஸ் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் கம்பெனி ஆபீஸில் வேலை பார்க்கிறான். அவனுக்காக நான் அந்த ஊர்ச் சட்டத்தைத் தேடித்தேடிப் படிக்க வேண்டி வந்தது. படிச்சு முடிச்சப்போ நம்ம ஊர் விதி மேல எனக்கு ஒரு மரியாதையும் வந்தது, ஒரு கோபமும் வந்தது. இரண்டையும் சொல்றேன்.

நடந்தது என்ன?

அவனோட அம்மா திருநெல்வேலியிலிருந்து பருப்புப் பொடியும் ஊறுகாயும் பார்சல் அனுப்பியிருந்தாங்க. அதை எதிர்பார்த்துக்கிட்டே இருந்தான். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவன் போனுக்கு ஒரு மெசேஜ். பார்சல் வந்திருக்கு, சுங்கக் கட்டணம் 2.99 யூரோ பாக்கி, இந்த லிங்க்கில் கட்டுங்க. மூணு யூரோதானேன்னு கார்டு நம்பரைப் போட்டான். உடனே அவனோட பேங்க் ஆப்பில் ஒப்புதல் கேட்டு ஒரு திரை வந்தது. கிரேக்க மொழியில் நாலு வரி. அவனுக்குக் கடையில் பேசுற அளவுக்குத்தான் கிரேக்கம் தெரியும். 2.99 யூரோவுக்குத்தான் கேட்குதுன்னு நினைச்சு ஓகே அழுத்தினான்.

இருபது நிமிஷத்தில் இரண்டு டெபிட். 640 யூரோ, அப்புறம் 840 யூரோ. மொத்தம் 1,480. அவனோட இரண்டு மாச வாடகையை விட அதிகம். உடனே பேங்க்குக்கு போன் போட்டு கார்டை நிறுத்தினான். அடுத்த நாள் எழுத்துலயும் புகார் கொடுத்தான். பதினோரு வேலை நாள் கழிச்சு பதில் வந்தது. சுருக்கமா இவ்வளவுதான்: ‘உங்கள் ஆப்பில் இருந்து முறையான ஒப்புதல் கிடைத்திருக்கிறது. எங்கள் தரப்பில் தவறு இல்லை. தொகையைத் திருப்பித் தர இயலாது.’

என்கிட்ட போன்ல சொன்னான்: “விடு மச்சான், என் முட்டாள்தனம். வீட்ல கூட சொல்லலை. சொன்னா அசிங்கம்.”

இந்த இடத்தை கவனிங்க. பேங்க் எழுதினது நாலு வரி. மீதி வாதம் முழுக்க அவனே அவனுக்கு எதிரா வாதாடி முடிச்சிட்டான். வெட்கம் இருக்கே, அது எதிர்த்தரப்புக்குச் சம்பளம் வாங்காம வேலை செய்ற வக்கீல்.

சட்டம் என்ன சொல்லுது?

கிரீஸ் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கிற நாடு. அதனால பணப் பரிமாற்றத்தில் ஒன்றியம் முழுமைக்கும் பொதுவா இருக்கிற ‘பி.எஸ்.டி 2’ என்ற 2015ஆம் வருஷ வழிகாட்டுதலை தன் நாட்டுச் சட்டமா மாத்திக்கிச்சு. அந்தச் சட்டத்தோட எண் 4537/2018. பேங்க்கிலோ கார்டிலோ உங்க அனுமதி இல்லாம பணம் போனா, அங்கே முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது இதைத்தான். முக்கியமானதை மட்டும் சொல்றேன்.

ஒன்று. பணத்தை உடனே திருப்பித் தரணும். ‘இது நான் செஞ்சதில்லை’ன்னு நீங்க சொன்ன அடுத்த வேலை நாள் முடியறதுக்குள்ள தொகை கணக்குக்கு வரணும். விசாரிச்சு முடிச்சுட்டுத் தர்றோம்னு பேங்க் இழுக்கக் கூடாது. ஒரே ஒரு விதிவிலக்கு, வாடிக்கையாளரே மோசடி பண்றார்னு சந்தேகப்பட நியாயமான காரணம் இருந்தா நிறுத்தி வைக்கலாம். அப்பவும் அந்தக் காரணத்தை அதிகார அமைப்புக்கு எழுத்துல தெரிவிக்கணும். அதோட, டெபிட் ஆன தேதியிலிருந்தே அந்தப் பணம் கணக்கில் இருந்த மாதிரி வச்சுத்தான் திருப்பிப் போடணும். வட்டி, ஓவர்டிராஃப்ட் கட்டணம்னு நஷ்டம் வரக் கூடாது பாருங்க, அதுக்குத்தான்.

இரண்டு. நிரூபிக்க வேண்டியது பேங்க். இதுதான் சட்டத்தோட முதுகெலும்பு. ‘கார்டு பயன்படுத்தப்பட்டது, ஒப்புதல் பதிவாகியிருக்கிறது’ என்பது மட்டும் போதாது. அது நீங்க சம்மதிச்சதுக்கும் சாட்சி ஆகாது, நீங்க கடுமையா அஜாக்கிரதையா இருந்தீங்க என்பதுக்கும் தானாகவே சாட்சி ஆகாது. வேற ஆதாரத்தை பேங்க்தான் கொண்டுவரணும்.

மூன்று. சாதாரணக் கவனக்குறைவுக்கு உங்க பங்கு அதிகபட்சம் 50 யூரோ. தொலைஞ்ச கார்டு, திருடு போன கார்டு, அடுத்தவன் கைக்குப் போன கார்டு விவரம் இதுக்கெல்லாம் இந்த வரம்பு. பணம் போறதுக்கு முன்னாடி உங்களால கண்டுபிடிக்கவே முடியாத மோசடின்னா அந்த 50 யூரோ கூட இல்லை. பேங்க்குக்குத் தகவல் சொன்ன பிறகு போற பணம், நீங்களே மோசடி பண்ணாத வரைக்கும், உங்க தலையில் வராது. இரட்டை அடையாளச் சரிபார்ப்பை பேங்க் கேட்காமலே பணத்தை அனுப்பியிருந்தாலும் அப்படித்தான்.

நான்கு. கடும் அஜாக்கிரதை. கிரேக்கத்தில் இதை ‘வர்யா அமேலியா’ன்னு சொல்றாங்க. ‘வர்யா’ன்னா கனமான, பாரமான. அஜாக்கிரதைன்னு மட்டும் இருந்தா பத்தாது, கனமான அஜாக்கிரதையா இருக்கணும். அப்படி இருந்தா அந்த 50 யூரோ வரம்பு போயிடும். கடும் அஜாக்கிரதைக்கு ஐரோப்பிய வழிகாட்டுதல் கொடுக்கிற உதாரணம் என்ன தெரியுமா? ரகசிய எண்ணை எவன் கண்ணிலும் படுற மாதிரி கார்டோட சேர்த்தே வச்சிருக்கிறது. அந்த அளவுக்குப் போகணும். கடும் அஜாக்கிரதை நிரூபணம் ஆனாலும் நாடுகள் இரக்கம் காட்டிக்கலாம்னு அதே வழிகாட்டுதல் இடம் விட்டிருக்கு. கிரீஸ் 2023இல் அந்த இடத்தைப் பயன்படுத்திக்கிட்டு, மோசடி எண்ணமோ உள்நோக்கமோ இல்லாத சாதாரண நுகர்வோருக்கு 1,000 யூரோன்னு ஒரு உச்சவரம்பை சட்டத்தில் சேர்த்தது.

ஐந்து. காலக்கெடு. பணம் போன நாளிலிருந்து அதிகபட்சம் 13 மாசத்துக்குள்ள சொல்லணும். ஆனா இதை ‘13 மாசம் டைம் இருக்கு’ன்னு படிச்சிடாதீங்க. தெரிஞ்ச உடனே, தாமதம் இல்லாம சொல்லணும் என்பதுதான் முதல் கடமை, 13 மாசம் என்பது வெளிவரம்பு மட்டும்தான். தெரிஞ்சும் வேணும்னே, இல்லை கடும் அஜாக்கிரதையா தள்ளிப்போட்டா, 13 மாசத்துக்குள்ளயே சொன்னாலும் உரிமையை இழக்கலாம்னு ஐரோப்பிய நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் சொல்லியிருக்கு.

ஆறு. நீங்க எழுத்துல கொடுக்கிற புகாருக்கு 15 வேலை நாளுக்குள்ள பேங்க் பதில் சொல்லணும். அவங்க கைமீறிய காரணம் இருந்தா, அந்தக் காரணத்தைச் சொல்லி 35 வேலை நாள் வரைக்கும் எடுத்துக்கலாம். அதுக்கு மேல முடியாது.

இப்போ என் நண்பன் கதைக்கு வருவோம்

இதையெல்லாம் படிச்ச பிறகு நான் அவன்கிட்ட கேட்டது ஒரே கேள்வி. “நீ ஓகே அழுத்தினியே, எதுக்கு அழுத்தினே?”

“2.99க்கு.”

“அந்தத் திரையில் 2.99னு நம்பர் இருந்துச்சா?”

ரொம்ப நேரம் யோசிச்சான். “நம்பரே இல்லைடா.”

அங்கேதான் முடிச்சு இருந்தது. இரண்டாவது கடிதத்தில் அவன் அழவும் இல்லை, திட்டவும் இல்லை. மூணு விஷயம் மட்டும் கேட்டான். எந்த நேரத்தில், எந்தச் செயலுக்காக என்னிடம் ஒப்புதல் கேட்டீர்கள்? அந்தத் திரையில் இருந்த வாசகம் என்ன? 640, 840 இரண்டும் எந்தக் கருவியிலிருந்து, எந்த முறையில் செலுத்தப்பட்டன?

பதிலில் உண்மை வெளியே வந்தது. அவன் ஒப்புக்கொண்டது எந்தப் பணத்தையும் இல்லை. அவனோட கார்டை வேற ஒரு போனின் டிஜிட்டல் வாலட்டில் சேர்க்கிறதுக்குத்தான் அந்த ஒப்புதல். அதுக்கப்புறம் அந்தத் திருட்டுப் போனைக் கடையில் காட்டித்தான் இரண்டு தடவை பணம் எடுத்திருக்காங்க. அந்த இரண்டுக்கும் அவன்கிட்ட யாருமே எதுவுமே கேட்கலை. பேங்க் ‘முறையான ஒப்புதல்’னு எழுதினது பொய்யில்லை. ஆனா எதுக்கான ஒப்புதல் என்பதைச் சொல்லாம விட்டாங்க. கதவுக்கு மாற்றுச் சாவி செய்யச் சம்மதிச்சதும், பீரோவிலிருந்து நகையை எடுத்துக்கன்னு சொன்னதும் ஒண்ணா?

இதை வச்சு நிதிச் சேவைகளுக்கான மத்தியஸ்த அமைப்புக்குப் போனான். கிரீஸில் ‘ஹெலெனிக் ஃபைனான்ஷியல் ஆம்புட்ஸ்மன்’னு ஒண்ணு இருக்கு. நுகர்வோருக்குக் கட்டணம் கிடையாது. அவங்க சொல்றது தீர்ப்பு மாதிரி கட்டுப்படுத்தாது, ஆனா பேங்க்கை மேஜைக்கு வர வைக்கும். நாலு மாசம் ஆச்சு. கடைசியில் 1,430 யூரோ திரும்பி வந்தது. அந்த 50 யூரோவைப் பிடிச்சுக்கிட்டாங்க. “அம்பது யூரோ போனா போகட்டும், நான் முட்டாள் இல்லைன்னு எழுத்துல வந்த மாதிரி இருக்கு”ன்னு சொன்னான். பொடி பார்சல் நல்லபடியா ஏற்கெனவே வந்து, தீர்ந்தும் போயிருந்தது.

எல்லாருக்கும் இப்படியே முடியும்னு நான் சொல்ல மாட்டேன். அவன் திரையில் ‘840 யூரோ, இந்தக் கடைக்கு’ன்னு தெளிவா அவனுக்குப் புரியிற மொழியில் இருந்து, அதுக்கு ஓகே கொடுத்திருந்தா கதை கஷ்டமா ஆகியிருக்கும். ஆனா கேட்காம இருந்திருந்தா, இப்படி முடிய வாய்ப்பே இருந்திருக்காது. என் வாதம் அவ்வளவுதான்.

நம்ம ஊர் விதியை இதோட வச்சுப் பார்க்கலாமா?

நம்ம ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6ஆம் தேதி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. நம்ம அனுமதி இல்லாம நடக்கிற மின்னணுப் பரிமாற்றங்களில் வாடிக்கையாளரோட பொறுப்பு எவ்வளவுன்னு அதில்தான் வரையறுத்தாங்க. எனக்கு மரியாதை வந்ததுன்னு சொன்னேனே, இதைப் படிச்சுத்தான்.

அந்தச் சுற்றறிக்கைப்படி, பேங்க் பக்கம் கோளாறு இருந்தா, நீங்க எப்போ சொன்னாலும் உங்க பொறுப்பு பூஜ்யம். தப்பு பேங்க் மேலயும் இல்லை உங்க மேலயும் இல்லை, வெளியே எங்கேயோ நடந்ததுன்னா, தகவல் வந்து 3 வேலை நாளுக்குள்ள சொன்னா பூஜ்யம். 4லிருந்து 7 வேலை நாளுக்குள்ள சொன்னா ஒரு பரிமாற்றத்துக்கு உங்க நஷ்டத்துக்கு வரம்பு உண்டு: சாதாரண சேமிப்புக் கணக்குக்கும், 5 லட்சம் வரை லிமிட் இருக்கிற கிரெடிட் கார்டுக்கும் 10,000 ரூபாய். 5 லட்சத்துக்கு மேல லிமிட் இருக்கிற கார்டுக்கு 25,000. நீங்க புகார் சொன்ன 10 வேலை நாளுக்குள்ள பேங்க் அந்தத் தொகையைத் தற்காலிகமா கணக்கில் போடணும். 90 நாளுக்குள்ள முடிவு சொல்லணும். நிரூபிக்கிற பொறுப்பு இங்கேயும் பேங்க் மேலதான். நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

சரி, கோபம் எதுக்கு?

அதே சுற்றறிக்கையில் இன்னொரு வரி இருக்கு. வாடிக்கையாளரோட அஜாக்கிரதையால் நஷ்டம் வந்தா, உதாரணமா ரகசிய விவரங்களை அவரே பகிர்ந்திருந்தா, புகார் சொல்ற வரைக்கும் போன மொத்தப் பணமும் அவர் பொறுப்பு. முழுசும். வரம்பு கிடையாது.

கிரீஸில் ‘கடும் அஜாக்கிரதை’. நம்ம ஊரில் வெறும் ‘அஜாக்கிரதை’. ஒரே ஒரு சொல்தான் வித்தியாசம். ஆனா உங்க ஒரு மாசச் சம்பளம் தொங்குறது அந்த ஒரு சொல்லில்தான். ராத்திரி எட்டு மணிக்கு பஸ்ஸில் நின்னுக்கிட்டே, ஒரு கையில் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு மெசேஜ் படிக்கிறவன் ஒரு தடவை தடுமாறுறதையும், பின் நம்பரை கார்டு பின்னாடி எழுதி வச்சுட்டு சுத்துறவனையும் ஒரே தட்டில் வைக்கிறது நியாயமா? அங்கே சட்டம் இரண்டையும் பிரிச்சுப் பார்க்குது. இங்கே ‘ஓ.டி.பி போட்டீங்களா? ஆமா. முடிஞ்சது’ன்னு ஃபைலை மூடிடலாம்.

பேங்க் தரப்பு நியாயம் என்ன?

அதையும் பேசிடணும், இல்லைன்னா இது ஒருதலைப்பட்சமா போயிடும். நான் மதிக்கிற ஒரு பேங்க் மேனேஜர் அண்ணன் சொன்னார்: “தம்பி, கேட்டவனுக்கெல்லாம் திருப்பிக் கொடுத்தா நாளைக்கு எவனும் ஜாக்கிரதையா இருக்க மாட்டான். அண்ணனே தம்பிக்கு ஓ.டி.பி சொல்லிட்டு, மோசடின்னு வந்து நிப்பான். அந்தக் காசு யாரோட காசு? மத்த கஸ்டமர் காசுதானே?”

தப்பில்லை, அந்தப் பயம் நிஜம். பொய்ப் புகார் வரத்தான் செய்யுது. ஆனா கிரீஸ் சட்டம் அதுக்கும் பதில் வச்சிருக்கு. மோசடி எண்ணத்தோட வர்றவனுக்கு எந்த வரம்பும் பாதுகாப்பு தராது. கடும் அஜாக்கிரதைக்கு வலிக்கிற மாதிரி ஒரு தொகை. சாதாரணத் தடுமாற்றத்துக்கு 50 யூரோ. தப்புக்கு ஏத்த தண்டனை, அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம். பூட்டைச் செய்றது யாரு? ஒப்புதல் திரையில் என்ன வாசகம் வரணும்னு முடிவு பண்றது பேங்க். புதுப் போனில் கார்டைச் சேர்த்த இருபது நிமிஷத்தில் பெரிய தொகை போனா நிறுத்தணுமா வேணாமான்னு முடிவு பண்றதும் பேங்க். நீங்களும் நானும் அந்தத் திரையில் ஒரு எழுத்தை மாத்த முடியாது. பூட்டை மாத்தக்கூடியவன் மேல செலவு விழுந்தாத்தான் பூட்டு மாறும். மொத்த நஷ்டமும் வாடிக்கையாளர் தலையில்தான்னா, அந்தத் திரையில் ‘உங்கள் கார்டு வேறொரு போனில் சேர்க்கப்படுகிறது’ன்னு பெரிய எழுத்தில் போட பேங்க்குக்கு என்ன அவசரம்?

குழப்பிக்கக் கூடாத மூணு விஷயம்

முதலாவது, நீங்களே தெரிஞ்சு அனுப்பின பணம். பங்குச் சந்தை டிப்ஸ், பார்ட் டைம் வேலை, ‘உங்க மேல கேஸ் இருக்கு’ன்னு மிரட்டுறது, இதில் ஏமாந்து நீங்களே அனுப்பினா, அது கிரீஸிலும் ‘அனுமதி இல்லாத’ பரிமாற்றம் ஆகாது. இதுவரை சொன்ன பாதுகாப்பு அதுக்கு அப்படியே வராது. ஒரு சின்ன உதவி உண்டு: யூரோ நாடுகளில் 2025 அக்டோபர் 9லிருந்து, கணக்கு மாற்றத்துக்கு முன்னாடி பெறுபவர் பெயரும் கணக்கு எண்ணும் பொருந்துதான்னு பேங்க் பார்த்துச் சொல்லணும். ‘பெயர் பொருந்தவில்லை’ன்னு காட்டியும் அனுப்பினா, அப்புறம் பேங்க்கைக் குறை சொல்றது கஷ்டம். வங்கி அதிகாரி மாதிரி நடிச்சு ஏமாத்தற மோசடிகளில் வங்கியோட பொறுப்பைக் கூட்டணும்னு ஐரோப்பிய ஆணையம் 2023 ஜூனில் புதுச் சட்ட முன்மொழிவு வச்சதும் இந்த ஓட்டையை அடைக்கத்தான்.

இரண்டாவது, சார்ஜ்பேக். அது கார்டு நிறுவனங்களோட உள்விதி. ‘சார்ஜ்பேக் தோத்துடுச்சு’ன்னு பேங்க் சொன்னா, சட்ட உரிமையும் போச்சுன்னு அர்த்தம் இல்லை. இரண்டும் வேற வேற கதவு.

மூணாவது, சுற்றுலா போறவங்களுக்கு. நம்ம ஊர் கார்டை எடுத்துக்கிட்டு சாண்டோரினிக்குப் போய், அங்கே ஏதாவது ஆச்சுன்னா, நீங்க கேட்க வேண்டியது உங்களுக்குக் கார்டு கொடுத்த இந்திய பேங்க்கை. உங்களுக்கு ரிசர்வ் வங்கி விதிதான், கிரீஸ் சட்டம் இல்லை. பணம் எந்த நாட்டில் போச்சு என்பதைவிட, கணக்கு எந்த நாட்டில் இருக்கு என்பதுதான் இங்கே முக்கியம். ஊர் திரும்பின உடனே ஆப்பில் போய் வெளிநாட்டுப் பயன்பாட்டை அணைச்சு வைங்க. அந்த ஆன், ஆஃப் வசதியை எல்லாக் கார்டுக்கும் கொடுக்கணும்னு ரிசர்வ் வங்கி 2020லேயே சொல்லிடுச்சு.

பணம் போனா என்ன செய்யணும்?

ஏதென்ஸில் இருந்தாலும் சரி, அம்பத்தூரில் இருந்தாலும் சரி, வரிசை இதுதான்.

முதலில் பேங்க்குக்கு போன். கார்டை, ஆப்பை, வாலட்டை எல்லாத்தையும் நிறுத்தச் சொல்லுங்க. புகார் எண்ணையும் நேரத்தையும் எழுதி வைங்க. நீங்க சொன்ன அந்த நிமிஷத்துக்குப் பிறகு போற பணம் உங்க பொறுப்பு இல்லை, அதனால நேரம்தான் காசு.

அடுத்து போலீஸ். இங்கே 1930. கிரீஸில் சைபர் குற்றப் பிரிவுக்கு 11188.

அப்புறம் எழுத்து. போன் புகாரோட நிறுத்தாதீங்க. ‘இந்தத் தேதியில் இந்தத் தொகை, நான் அனுமதிக்கவில்லை’ என்ற ஒரு வரி அதில் இருக்கணும். ‘தெரியாம ஓகே கொடுத்துட்டேன், என் தப்புதான்’னு உங்க மேலேயே தீர்ப்பு எழுதிக் கொடுக்காதீங்க. நடந்ததை நடந்தபடி சொல்லுங்க. பொய் வேண்டாம், அதே சமயம் பாவமன்னிப்பும் வேண்டாம். மெசேஜ், லிங்க், அழைப்பு விவரம் எதையும் அழிக்காம ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க.

‘முடியாது’ன்னு பதில் வந்தா, என் நண்பன் கேட்ட அந்த மூணு கேள்வி. எதுக்கு ஒப்புதல் கேட்டீங்க, திரையில் என்ன இருந்தது, பணம் எந்தக் கருவியிலிருந்து போச்சு. எழுத்துல பதில் கேளுங்க.

அதுக்கும் சரியான பதில் இல்லைன்னா குறைதீர்ப்பாளர். இங்கே ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர், கட்டணம் இல்லை, ஆன்லைனிலேயே கொடுக்கலாம். பேங்க் 30 நாளில் பதில் சொல்லலைன்னாலோ, பதில் திருப்தி இல்லைன்னாலோ போகலாம். கிரீஸில் நான் சொன்ன நிதி மத்தியஸ்தர். கடைசியில் நீதிமன்றம்.

கடைசியா ஒண்ணு

நம்ம வயசுக்காரங்களுக்கு ஒரு பழக்கம் இருக்கு. எஸ்.ஐ.பி ரிட்டர்ன் அரை சதவீதம் குறைஞ்சா ராத்திரி பூரா ஃபண்ட் ஒப்பிட்டுப் பார்ப்போம். முப்பதாயிரம் மோசடியில் போனா, அவமானத்தில் வாயை மூடிக்கிட்டு, அடுத்த மாசம் சரியாயிடும்னு நகர்ந்துடுவோம். உங்க பணத்தைப் பாதுகாக்கிறதும் முதலீடு மாதிரிதான். ஒரு கடிதம் எழுதற நேரம்தான் அதுக்குச் செலவு.

பேங்க் சொல்ற முதல் ‘முடியாது’ தீர்ப்பு இல்லை. அது ஒரு தரப்பு வாதம். எதிர்த்தரப்பு வாதத்தைக் கேட்ட உடனே வீட்டுக்குப் போற ஆளை எந்தக் கோர்ட்டிலாவது பார்த்திருக்கீங்களா?

இன்னைக்கே ஒரு வேலை செய்யுங்க. உங்க பேங்க் வெப்சைட்டில் ‘வாடிக்கையாளர் பொறுப்பு வரம்பு’ பற்றிய கொள்கைப் பக்கம் இருக்கும். தேடி எடுத்து ஒரு தடவை படிங்க. பத்து நிமிஷம் ஆகும். அதில் ‘அஜாக்கிரதை’ன்னு எங்கெல்லாம் வருது, அதுக்கு என்ன விளக்கம் கொடுத்திருக்காங்கன்னு பார்த்து கமெண்ட்டில் எழுதுங்க. அடுத்த வீடியோவில் அதை வரிவரியாப் பிரிச்சுப் பேசலாம். ஏற்கெனவே ‘விட்டுட்டேன்’னு எழுதினவங்க, உங்க புகார் எண்ணைத் தேடி எடுங்க. எழுத்துல நீங்க இன்னும் எதையும் விடலை.